நிற்காத மடக்கும் தட்டத் தெரியாத பயனரும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

‘உங்கள் வயது?’ என்று செய்நிரல் கேட்கிறது. பயனர் எழுத்தால் ‘பதினேழு’ என்று தட்டி என்டரை அழுத்துகிறார். இதன்பின் நடக்கக்கூடியவை மூன்று. பெட்டி ஏதோ ஓர் இலக்கத்தைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடும். அல்லது பொறுமையாக இன்னொரு தடவை கேட்கும். அல்லது, ஒருவரும் எதையும் தட்டாமலே, ‘உங்கள் வயது? உங்கள் வயது? உங்கள் வயது?’ என்று திரை நிறைய, கண் தொடர முடியாத வேகத்தில் ஓடத் தொடங்கும். இந்த மூன்றாவது நிலையே, அதாவது நிற்காத மடக்கே (லூப்), ஆய்வின் பொருள். மற்ற இரண்டும் இடையிடையே சாட்சிக் கூண்டில் ஏறி இறங்கும்.

‘இத்துறையில் முன்னாய்வுகள் போதா’ என்று இரண்டாம் பத்தியில் எழுதுவது ஆய்வுக் கட்டுரைகளின் தொல்மரபு. இங்கே அப்படி எழுத வழியில்லை. செய்நிரல் எழுதத் தொடங்குவோருக்கான நூல் எதை எடுத்தாலும் இதற்கு அரைப்பக்கமாவது இருக்கும். ஆனால் அந்த அரைப்பக்கம் மருந்தை மட்டுமே சொல்லும். நோய் எப்படித் தொற்றியது என்று கேட்காது. தட்டியவரின் பக்கத்து நியாயத்தை அறவே கேட்காது. அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. இடைவெளியைத் தட்டுவதால் வரும் பிழையும் பின்னால் வரும்.

களத்தேர்வு

திருகோணமலைத் துறைமுகப் பகுதியைக் களமாகக் கொண்டதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, மடக்குகளோடு இந்த ஊருக்கு உள்ள நெடுநாட் பழக்கம். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் இத்துறைமுகத்தை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். சமாதானம் வந்ததும் திரும்ப ஒல்லாந்தரிடம் போயிற்று. 1795இல் திரும்ப ஆங்கிலேயரிடம் வந்தது. வெளியேறும் நிபந்தனை நிறைவேற 1957 ஆக வேண்டியிருந்தது. பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது அந்த ஆண்டில்தான்.

இரண்டாவது காரணம் ஊராரின் விரல்கள். உட்துறைமுக வீதியிலிருந்து உவர்மலை வரை, அங்கிருந்து உப்புவெளி வரை, ஒரே வீட்டில் மூன்று வகையான தட்டச்சு நடக்கிறது. கைபேசியில் ஆங்கில எழுத்தால் தமிழ். கந்தோர் வேலைக்குப் பாமினி எழுத்துரு. பிள்ளையின் மடிக்கணினியில் யுனிகோட். பக்கத்து வீட்டில் சிங்களம். ஒரு கேள்விக்கு எத்தனை விதமாகப் பதில் தட்டலாம் என்று அறிய விரும்புபவருக்கு இதைவிட வளமான களம் அரிது. பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் நகர வீதிகளிலும் உலாவும் புள்ளிமான்கள் விசைப்பலகையைத் தொடுவதில்லை ஆகையால் மாதிரியில் சேர்க்கப்படவில்லை.

மூன்றாவது காரணம் 026. அது உரிய இடத்தில் விளக்கப்படும்.

ஆய்வுக்குட்பட்டோர் பெரும்பாலும் க.பொ.த. மாணவர். இலங்கையில் சாதாரணதரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்குப் பாஸ்கல், உயர்தரத்துக்குப் பைதன். பல்கலைக்கழகம் போனால் சி, ஜாவா வகையறா. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலும் கணினி அறிவியல் படிப்பிக்கிறார்கள். ஆக, ஒரே பிள்ளை பத்து வருடத்துக்குள் மூன்று நான்கு மொழிகளில் ஒரே பிழையை விடும் வாய்ப்பு அரசாங்கப் பாடத்திட்டத்தின்படியே உறுதி செய்யப்பட்டிருக்கிறது.

பாஸ்கலை 1970இல் நிக்கலஸ் விர்த் படிப்பிப்பதற்கென்றே உருவாக்கினார். ஆகவே கண்டிப்பு அதிகம். முழு எண் கேட்ட இடத்தில் எழுத்து வந்தால் ‘ரன்டைம் எரர் 106’ என்று அறிவித்துவிட்டுச் செய்நிரலையே முடித்துவிடும். 106 என்றால் எண்ணின் வடிவம் செல்லாது என்று பொருள். நாற்பது மாணவரின் கணிதப் புள்ளிகளை மடக்குக்குள் வரிசையாகத் தட்டிக்கொண்டு போகிற ஒருவர், முப்பத்தொன்பதாவது ஆளுக்கு 70 என்று தட்டும்போது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே உள்ள ஆங்கில ‘ஓ’வில் விரல் பட்டால் போதும். முப்பத்தெட்டுப் பேரின் புள்ளியும் போச்சு. கணினிக்கூடங்களில் கேட்கும் பெருமூச்சுகளில் ஆக நீளமானது இதுதான். நிற்காத மடக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நின்றுபோன மடக்கையும் ஒருதரம் பார்க்க வேண்டும்.

மடக்கு ஏன் நிற்பதில்லை

“சேர், நான் ஒண்டும் செய்யேல்ல. அது தன்பாட்டில ஓடுது.”

இக்கூற்றை முதனிலைத் தரவாக ஏற்கலாமா என்று முறையியலாளர் தயங்கக்கூடும். ஆனால் இது சொல்லுக்குச் சொல் உண்மை. மாணவன் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டிய ஒன்று இருந்தது. அதைச் செய்யாததுதான் வழு.

பயனர் தட்டியது நேரே மாறிக்குள் போய் விழுவதில்லை. முதலில் பஃபர் என்ற இடைத்தங்கலில் நிற்கிறது. சி பிளஸ் பிளஸ்ஸில் முழு எண் கேட்டால், உள்ளீட்டு ஓடை அந்தத் தங்கலின் முதல் எழுத்தைப் பார்க்கும். இலக்கம் இல்லையென்றால் தொடாமல் திரும்பிவிடும். திரும்பும்போது ‘தவறிற்று’ என்று ஒரு கொடியையும் ஏற்றிவிடும். கொடி இறங்கும்வரை அந்த ஓடை வேறெதையும் வாசிக்காது. மடக்கு மேலே போகிறது, கேள்வியை அச்சிடுகிறது, வாசிக்கப் பார்க்கிறது, கொடியைக் கண்டு திரும்புகிறது. பயனருக்காகக் காத்திருக்கும் தருணமே அதில் வருவதில்லை. துறைமுகத்தில் வேலை செய்கிறவருக்கு இது உடனே விளங்கும்: இருப்பதோ ஒரே ஜெட்டி, கட்டிய கப்பலின் சரக்கை இறக்க மறுத்தாயிற்று, கப்பலையும் விலக்கவில்லை, இனி வெளியே நிற்கும் கப்பலுக்கு எத்தனை தரம் சைகை காட்டி என்ன?

ஆகவே பரிகாரம் இரண்டு படி. ‘கிளியர்’ கொடியை இறக்கும். ‘இக்னோர்’ அந்த வரி முடியும்வரை தங்கலைக் காலி செய்யும். முதல் படியை மட்டும் செய்தவருக்கு அதே எழுத்து மறுபடி எதிர்ப்படும், கொடி மறுபடி ஏறும், மடக்கு முன்போலவே ஓடும். இரண்டாம் படியை மட்டும் செய்தாலோ, கொடி ஏறிய ஓடையில் ‘இக்னோர்’ ஒன்றையும் புறக்கணிக்காது. இரண்டையும் தலைகீழ் வரிசையில் எழுதிவிட்டு, ‘ரெண்டும் போட்டனான் சேர், அப்பவும் ஓடுது’ என்று முறையிடுவோர் தனி உட்பிரிவாகக் கொள்ளத்தக்கவர்.

ஜாவாவில் ‘ஸ்கேனர்’ வழியாக வாசிக்கும் வசதி 2004இல், ஐந்தாம் பதிப்போடு வந்தது. கொடி ஏற்றும் வழக்கம் அங்கே இல்லை, விதிவிலக்கை வீசும். ஆனால் பிடிக்காத சொல்லை அதுவும் எடுக்காமல் விட்டுவிடும். மாணவர் ‘ட்ரை’, ‘கேட்ச்’ போட்டு, விதிவிலக்கைப் பிடித்து, ‘பிழை, மீண்டும் தட்டுக’ என்று அச்சிட்டு, மேலே போவார். சொல் இன்னும் அங்கேயே நிற்கும். விதிவிலக்கைப் பிடித்தவர் அதற்குக் காரணமான சொல்லைப் பிடித்து வெளியே போடவில்லை. ஒரே ஒரு வரியில் அந்தச் சொல்லை வாசித்து எறிந்தால் விடயம் முடிந்தது.

பைதன் இந்த வழக்கில் நிரபராதி. அதன் ‘இன்புட்’ என்ன தட்டினாலும் முழு வரியையும் முதலில் உள்ளே எடுத்துவிடும், சரமாக. அது எண்ணா இல்லையா என்ற விசாரணை பிறகுதான், ‘இன்ட்’ என்னும் செயற்கூற்றிடம். விசாரணையில் தோற்றாலும் தங்கலில் ஒன்றும் மீதமில்லை. அதனால்தான் பைதனில் எழுத்தைத் தட்டினால் மடக்கு ஓயாமல் ஓடுவதில்லை. ‘வால்யூ எரர்’ என்று விழுகிறது, அல்லது ஒழுங்காக எழுதியிருந்தால் மறுபடி கேட்கிறது. முதலில் பைதன் படித்துவிட்டுப் பின்னர் சிக்குப் போகும் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு அதிர்ச்சி என்பது இதிலிருந்து பெறப்படும்.

முழுப் பிழையைவிட அரைப்பிழை குறும்பானது. வயது கேட்டபோது ஒருவர் மரியாதையாக ‘17 வயசு’ என்று தட்டுகிறார். சி பிளஸ் பிளஸ் 17ஐ எடுத்துக்கொள்ளும், திருப்தி. மீதி ‘வயசு’ தங்கலில் நிற்கும். அடுத்த கேள்வி ‘உங்கள் பெயர்?’ கேட்டு முடிவதற்குள் பதில் தயார். பயனரின் பெயர் வயசு என்று பதிவாகிவிடுகிறது. அவர் பெயரைத் தட்ட வாய்ப்பே கிடைக்கவில்லை. இதில் எந்த எரரும் வராது, எந்தக் கொடியும் ஏறாது. ஆய்வாளரின் கணிப்பில், ஓயாமல் ஓடும் மடக்கைவிட இது ஆபத்தானது. ஓடும் மடக்காவது ஊரைக் கூட்டும்.

இங்கே ஒரு மந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சி படிக்கும் பிள்ளைகளிடையே ‘எஃப் ஃப்ளஷ்’ என்ற கட்டளையை உள்ளீட்டின் மீது ஏவினால் தங்கல் சுத்தமாகும் என்ற நம்பிக்கை சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறி வருகிறது. சி மொழியின் தரநிலை அக்கட்டளையை வெளியீட்டு ஓடைகளுக்கு மட்டுமே வரையறுத்திருக்கிறது. உள்ளீட்டின் மீது ஏவினால் என்ன நடக்கும் என்பது வரையறுக்கப்படாதது. சில தொகுப்பிகளில் பலிக்கும். வீட்டில் பலித்து, பரீட்சைக் கணினியில் பலிக்காமல் போனவர்கள் அதற்குப் பிறகும் நம்பிக்கையை விட்டதில்லை என்பதே மந்திரத்துக்கான இலக்கணம்.

தட்டுவோர் தரப்பு

பயனர் பிழையாகத் தட்டுவதில்லை. தான் வாழும் ஊரில் எழுதும்படியே தட்டுகிறார். இதுவே இவ்வாய்வின் கருதுகோள். நிறுவச் சான்றுகள் பல.

மீன் சந்தையில் விலை ‘1,500/=’ என்று எழுதியிருக்கும். இலங்கையில் ரூபாயை அப்படித்தான் முடிப்பார்கள். பைதனின் ‘இன்ட்’டுக்கு அந்தக் காற்புள்ளியும் ஆகாது, சாய்கோடும் ஆகாது, சமன்குறியும் ஆகாது. வேடிக்கை என்னவென்றால், காற்புள்ளிக்குப் பதில் அடிக்கோடு போட்டு 1_500 என்று தட்டினால், 3.6ஆம் பதிப்பிலிருந்து முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். அப்படி விலை எழுதுகிற கடை உலகத்தில் எங்கும் இல்லை.

அடுத்தது தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும். 2016இலிருந்து வழங்கப்படும் புதியதில் பன்னிரண்டும் இலக்கமே. பெயரிலேயே இலக்கம் என்றிருப்பதால் மாணவர் அதை முழு எண்ணாக வாசிக்க எழுதுகிறார். தகப்பன் தன் பழைய இலக்கத்தைத் தட்டுகிறார்; ‘வி’ இடிக்கிறது. சரி, எழுத்து இல்லாத புதிய அட்டைக்காரர் தட்டட்டும் என்று மகளைக் கூப்பிடுகிறார்கள். சி பிளஸ் பிளஸ்ஸின் வழமையான முழு எண்ணும் ஜாவாவின் முழு எண்ணும் 2,147,483,647க்கு மேல் கொள்ளாது. அது பத்து இலக்கம். பன்னிரண்டு இலக்கம் தட்டியதும் கொடி ஏறுகிறது, மடக்கு ஓடத் தொடங்குகிறது. ஓர் எழுத்தும் தட்டாமல், அரசாங்கம் கொடுத்த எண்ணை அப்படியே தட்டிய குடிமகள் இதில் என்ன பிழை விட்டாள்? இதைக் கூட்டப் போகிறோமா, பெருக்கப் போகிறோமா என்று கேட்டுப் பார்த்தால் போதும். இரண்டும் இல்லையென்றால் அது சரம்.

இனி 026. திருகோணமலையின் தொலைபேசிக் குறியீடு அது. சரமாக வாசித்து முழு எண்ணாக மாற்றினால் பைதன் 26 என்று கொடுக்கும். முன்பூச்சியம் காணாமல் போகும், அந்த இலக்கத்துக்கு அழைப்பும் போகாது. செய்நிரலுக்குள்ளேயே 026 என்று எழுதினால் பைதன் 3 முன்பூச்சியம் ஆகாது என்று மறுத்துவிடும். சியிலோ அது 22. பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாகக் கொள்வது அதன் வழக்கம்: இரண்டு எட்டு பதினாறு, அதோடு ஆறு. ஆக, ஒரே ஊர் சியில் 22, பைதனில் ஓரிடத்தில் 26, இன்னோரிடத்தில் இலக்கணப் பிழை. மூன்றாவது காரணத்தை ஏன் தள்ளி வைத்தோம் என்பது இப்போது தெரிந்திருக்கும்.

தமிழ் இலக்கங்களின் நிலை எதிர்பாராத விதத்தில் நன்று. பைதனில் ௧௭ என்று தட்டினால் ‘இன்ட்’ அதை 17 என்றே ஏற்கும். யுனிகோட்டில் பதின்ம இலக்கம் என்று குறிக்கப்பட்ட எந்த எழுத்தையும் அது ஏற்கும். ஆனால் பழைய முறைப்படி பத்துக்கு ௰ என்று தட்டினால் விழுந்துவிடும். அந்த எழுத்துக்கு எண்மதிப்பு உண்டு. பதின்ம இலக்கம் என்ற தகுதி மட்டும் இல்லை. இடமதிப்பு முறையில் ௧௦ என்று எழுதுவோரை உள்ளே விட்டு, முன்னோர் எழுதியபடி எழுதுவோரை வாசலில் நிறுத்தும் இந்த நியாயம் பற்றித் தமிழ்ச் சங்கங்கள் இன்னும் தீர்மானம் நிறைவேற்றியதாகத் தெரியவில்லை.

மாவட்டத்தின் பெயரைக் கேட்கும் மடக்கு தனி அத்தியாயத்துக்கு உரியது. திருகோணமலை என்று எழுதுவாரும் உளர். ஒற்று மிகும் எனக் கொண்டு திருக்கோணமலை என்பாரும் உளர். இவ்விரண்டிலும் வரும் ‘கோ’வை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். முன்னே ஏகாரக் கொம்பு, பின்னே கால் என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் ஒரு மயிரிழை வித்தியாசமும் தெரியாது. பைதனின் சமன் ஒப்பீட்டுக்கு இரண்டும் வேறு. ஆக, தமிழில் மட்டும் நான்கு திருகோணமலைகள். மாணவர் அவற்றுள் ஒன்றை மட்டும் ஏற்கும் மடக்கை எழுதியிருக்கிறார். பயனர் ஊர்ப்பெயரைச் சரியாகத் தட்டுகிறார், பெட்டி பிழை என்கிறது. மறுபடி அதையே, இன்னும் கவனமாக, இன்னும் சரியாகத் தட்டுகிறார். ஒப்பிடுவதற்கு முன் யுனிகோட் வடிவத்தை ஒருமைப்படுத்தும் ஒரு வரி பைதனிலேயே உண்டு. ஆனால் ஊரைப் பட்டியலிலிருந்து தெரிவு செய்ய விட்டால் அந்த வரியும் வேண்டாம்.

‘மறுபடியும் ஓடவா? ஆம் / இல்லை’ என்ற கேள்விக்கு வருவோம். பாமினியில் பழகிய விரல், விசைப்பலகை ஆங்கிலத்தில் இருப்பதைக் கவனியாமல் ‘ஆம்’ தட்டினால், திரையில் பெரிய எம், சிறிய கே, ஓர் அரைப்புள்ளி விழும். இதைவிட அடிப்படையான சிக்கல், இந்தப் பக்கத்தில் யாரும் ‘ஆம்’ என்று கதைப்பதில்லை. ‘ஓம்’ என்பார்கள். (கோணேசர் கோயிலடியில் அச்சொல்லுக்குள்ள மற்றப் பயனைச் செய்நிரல் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.) பயனர் ‘ஓம்’ என்று தட்ட, பெட்டி மறுக்க, மாணவர் திருத்தம் செய்கிறார்: விடை ‘ஆம்’ஆக இருந்தால் அல்லது ‘ஓம்’. வாயால் சொன்னால் எவருக்கும் விளங்கும் வாக்கியம். பைதன் அதை இப்படி வாசிக்கிறது: விடை ‘ஆம்’ஆ? அல்லது, ‘ஓம்’ என்ற சரம் வெறுமையாக இல்லாமல் இருக்கிறதா? இரண்டாவது எப்போதும் உண்மை. இப்போது ‘இல்லை’ என்றாலும் ஓடும், ‘வேண்டாம்’ என்றாலும் ஓடும், ‘ஐயோ’ என்றாலும் ஓடும்.

மதுரையில் பிறந்த விதி

இதன் உடன்பிறந்த பிழை இன்னும் புகழ்பெற்றது. ‘விடை ஆம் அல்லாதவரை, அல்லது இல்லை அல்லாதவரை, திரும்பக் கேள்’ என்று எழுதுவது. எந்த விடையும் இரண்டாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது; ஆகவே நிபந்தனை என்றும் உண்மை; மடக்கு என்றும் ஓடும். ‘அல்லது’ வந்த இடத்தில் ‘மற்றும்’ வந்திருக்க வேண்டும். மறுப்பு உள்ளே போகும்போது ‘அல்லது’ ‘மற்றும்’ ஆக மாறும் என்ற இவ்விதிக்குத் தன் பெயரைக் கொடுத்தவர் அகஸ்டஸ் டி மோர்கன். அவர் பிறந்தது 1806இல், மதுரையில். தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பனிப் படையில் இருந்தார். ஏழு மாதக் குழந்தையாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, 1828இல் லண்டனில் கணிதப் பேராசிரியரானார். 1840 அளவில் அவர் கடிதம் மூலம் கணிதம் சொல்லிக்கொடுத்த மாணவி ஏடா லவ்லேஸ். பாபேஜ் வடிவமைத்த கணிப்பு இயந்திரம் பற்றி 1843இல் அவர் வெளியிட்ட குறிப்புகளில், பேர்னோலி எண்களைக் கணிக்க ஒரே படிகளைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் அட்டவணை இருக்கிறது. முதற் செய்நிரல் என்று பலரும் சொல்வது அதைத்தான். அதில் ஒரு வகுத்தல் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. ஆக, மடக்கு பிறந்தபோதே வழுவும் கூடப் பிறந்தது. மதுரைக்காரர் ஒருவரின் மாணவியின் அட்டவணையிலேயே வந்த பிழையைத் திருகோணமலைப் பிள்ளை விட்டால் ரியூசன் சேர் கோபிக்க என்ன இருக்கிறது என்று வாதிடலாம். பரீட்சைத் திணைக்களம் ஏற்காது.

பாபேஜ் 1864இல் எழுதிய நினைவுக் குறிப்பில் வேறொரு சங்கதி உண்டு. இயந்திரத்துக்குள் பிழையான எண்களைப் போட்டால் சரியான விடை வருமா என்று பாராளுமன்றத்தின் மேலவைக்காரர் ஒருவரும் கீழவைக்காரர் ஒருவரும் அவரைக் கேட்டார்களாம். அப்படிக் கேட்கும் மூளைக் குழப்பம் தனக்கு விளங்கவில்லை என்கிறார். பாபேஜை அறிவாளி என்றும் அவர்களை மூடர் என்றும் சொல்வது வழக்கம். இவ்வாய்வு அவர்கள் பக்கம். பயனர் பிழையாகத்தான் போடுவார், அப்போது உமது பெட்டி என்ன செய்யும் என்பதே உள்ளீட்டுச் சோதனையின் முதற் கேள்வி.

டி மோர்கனின் விதியை ஒழுங்காகப் படித்தவரையும் கவிழ்க்கும் பள்ளம் ஒன்று உண்டு. புள்ளி 0க்கும் 100க்கும் இடையில் இருக்க வேண்டும். ‘0ஐ விடக் குறைவாக அல்லது 100ஐ விடக் கூடுதலாக இருக்கும்வரை திரும்பக் கேள்’ என்று எழுதுகிறார். மிகச் சரி. தசம எண்ணாக வாசிக்க ‘ஃப்ளோட்’ பயன்படுத்துகிறார். அதுவும் சரி. இப்போது கைபேசிப் பழக்கத்தில் யாரோ ஆங்கில எழுத்தில் ‘நான்’ என்று தட்டுகிறார்: என், ஏ, என். பைதனுக்கு அம்மூன்றெழுத்து ‘எண் அல்ல’ என்ற சிறப்பு மதிப்பு; ஃப்ளோட் அதை வரவேற்கும். 0ஐ விடக் குறைவா? இல்லை. 100ஐ விடக் கூடவா? இல்லை. எதனோடு ஒப்பிட்டாலும் இல்லை என்பதே அதன் குணம். மடக்கு கதவைத் திறந்துவிடுகிறது, கூட்டுத்தொகை கெடுகிறது, வகுப்பின் சராசரி ‘நான்’ என்று அச்சாகிறது. அதே நிபந்தனையை ‘0 முதல் 100க்குள் இல்லாதவரை’ என்று எழுதியிருந்தால் அகப்பட்டிருக்கும்.

பூச்சியம்

மடக்கை முடிக்க ஒரு சிறப்பு எண்ணை ஒதுக்குவது பழைய உத்தி. ‘வள்ளத்துக்கு எத்தனை கிலோ? முடிக்க 0’ என்று ஒரு மாணவர் எழுதியதாகக் கொள்வோம். வீட்டில் ஓட்டிப் பார்த்தால் நன்றாக ஓடும். கரையில் ஓட்டினால், மூன்றாவது வள்ளம் வெறுங்கையோடு வந்த கணத்தில் அன்றைய கணக்கு முடிந்துவிடும்; பின்னால் வருகிற வள்ளங்களை எழுத இடமில்லை. கடலுக்குப் போய் ஒன்றும் படாமல் திரும்புவது ஒரு தரவு என்பது, கடலுக்குப் போன குடும்பத்துப் பிள்ளைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் செய்நிரல் எழுத உட்கார்ந்ததும் அது மறந்துவிடுகிறது. ‘சரி, முடிக்க -1’ என்று மாற்றுகிறார். இப்போது அந்த -1ஐயும் கூட்டிச் சராசரியில் சேர்த்துவிடுகிறார். அதையும் திருத்துகிறார். கடைசியாக, ஒருவர் எதையும் தட்டாமல் முதலிலேயே -1 கொடுக்கிறார். வள்ளங்களின் எண்ணிக்கை பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க, எல்லாம் நிற்கிறது.

இதைச் சிறுபிள்ளைப் பிழை என்று தள்ளுவோருக்கு 1997 செப்டம்பரை நினைவூட்டலாம். அமெரிக்கக் கடற்படையின் ‘யோர்க்டவுன்’ என்ற ஏவுகணைக் கப்பல் வர்ஜீனியாக் கரைக்கு அப்பால் ஓடிக்கொண்டிருந்தது. ஊழியர் ஒருவர் தரவுத்தளத்தின் ஓர் இடத்தில் 0 என்று தட்டினார். செய்நிரல் அதால் வகுத்தது. கப்பலின் கணினி வலையமைப்பு விழுந்தது, உந்துவிசை நின்றது, ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் கப்பல் நடுக்கடலில் அசையாமல் கிடந்தது. சுஃப்ரனுக்குப் பீரங்கிகள் தேவைப்பட்ட காரியம்.

வெளியிலிருந்து நிறுத்துதல்

உள்ளேயிருந்து நிற்காத மடக்கைக் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தலாம். அதையும் கெடுக்க வழி இருக்கிறது. பைதனில் எந்த எரர் என்று பெயர் சொல்லாமல் வெறும் ‘எக்செப்ட்’ போட்டால், கன்ட்ரோல்-சியும் ஒரு எரராகவே பிடிபடும். ‘பிழை, மீண்டும் தட்டுக’ என்று சொல்லிவிட்டு மடக்கு மேலே போகும். ‘வால்யூ எரர்’ என்று பெயர் சொல்லிப் பிடித்தால் இந்த வம்பு இல்லை.

மின்சாரம் நிற்பதும் ஒரு வெளியேறும் நிபந்தனையே. 2022 மார்ச் முடிவில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் நிறுத்தினார்கள். மேசைக்கணினிகளில் அந்நாட்களில் எந்த மடக்கும் நெடுநேரம் ஓடியிருக்க முடியாது. இது பகிடி அல்ல. 2008 டிசம்பர் 31இல் மைக்ரோசொஃப்ட்டின் 30 ஜிபி ‘சூன்’ இசைக்கருவிகள் உலகெங்கும் உறைந்தன. நெட்டாண்டின் 366ஆவது நாளில், நாட்களைக் கழித்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் மடக்கு, கழிக்கவும் இல்லை, வெளியேறவும் இல்லை. நிறுவனம் பயனர்களுக்குச் சொன்ன வழி, பற்றரி தீரும்வரை விட்டுவிட்டு, ஜனவரி 1 பிறந்தபின் திரும்ப ஏற்றுங்கள் என்பதே.

பரிகாரமும் சோதனைக் கோவையும்

ஒழுங்கான உள்ளீட்டு மடக்கின் அமைப்பு சிறியது. முழு வரியையும் சரமாக உள்ளே எடு. இரு முனையிலுமுள்ள இடைவெளியை வெட்டு. எண்ணாக மாற்றிப் பார். மாறாவிட்டால் என்ன வேண்டுமென்று சொல்லி மறுபடி கேள். மாறினால் எல்லையைச் சோதி. எல்லாம் சரியானால் மட்டும் வெளியேறு. இது எந்த மொழிக்கும் பொருந்தும். சியில்கூட வரியாக வாசித்துப் பிறகு பிரிப்பதே நல்ல வழி. கேள்வியின் வாசகத்துக்கும் பங்கு உண்டு. ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் சொன்னால் பயனர் அதே பதிலை இன்னும் பலமாக அழுத்துவார். ‘வயதை இலக்கத்தில் தட்டுங்கள், உதாரணம் 17’ என்றால் பெரும்பாலும் அடுத்த தரமே முடிந்துவிடும். மூன்று தரம் பிழைத்தால் விட்டுவிடுவது இன்னும் நல்லது. வங்கியின் ஏரிஎம் கடவு எண்ணுக்கு அதைத்தான் செய்கிறது, கொஞ்சம் கடுமையாக.

எழுதியவர் தானே ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. கேள்வியை எழுதிய விரல் பதிலைச் சரியாகவே தட்டும். பக்கத்துக் கதிரை மாணவரிடம் கொடுத்து, பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்ல வேண்டும்: வெறும் என்டர்; ஓர் இடைவெளி மட்டும்; 17 வயசு; 17.5; -1; 0; 026; 1,500/=; ஒரு பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்; ௰; ஓம்; ஆங்கில எழுத்தில் நான். கடைசியாகக் கன்ட்ரோல்-சி. ஊரில் அம்மம்மா யாராவது அகப்பட்டால் கோவையே தேவையில்லை. இவை அனைத்தையும் அவர் கேளாமலே தட்டுவார்.

இவற்றில் எதற்கும் விழாமலும் ஓயாமல் ஓடாமலும் இருக்கும் செய்நிரலை எழுதி முடித்தவருக்கு அடுத்த பாடம் கோப்பிலிருந்து வாசித்தல். அங்கே பிழையான வரி வந்தால் மறுபடி கேட்க ஆளே கிடையாது.